வாய்மை வழி நின்ற வீரமகள்

வேலூர்க் கோட்டை தமிழ்நாட்டு மாணவர் யாவரும் அறிந்த கோட்டையாகும். 1799 ஆம் ஆண்டில் திப்பு சுல்தான் சீரங்கப்பட்டணத்தில் பொருது மாண்டார். அவருடைய மக்களும் சுற்றத்தாரும் வேலூர்க் கோட்டையில் காவலில் வைக்கப்பெற்றனர். 1806 இல் அங்கே சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்த பின்னர் அவர்கள் கல்கத்தாவிற்கு அனுப்பப்பட்டனர். அக்குடி வழியில் வந்த மங்கை ஒருவர், 138 ஆண்டுகள் கழிந்தபின், ஜெர்மனியின் கொடுஞ்சிறை முகாம் ஒன்றில் உயிர் துறந்தார். அவரே நூர் இனாயத் கான்.

நூர் 1914 ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் மாஸ்கோ நகரில் பிறந்தார். தந்தையார் பரோடாவைச் சேர்ந்த இனாயத் கான், வீணையில் வல்லவர், சூபி நெறியை மேலை நாடுகளில் பரப்பியவர். திப்புவின் குடித்தொடர்பு அவருடைய தாய் வழியே வந்தது. நூரின் அன்னையார் அமெரிக்கப் பெண்மணி. குடும்பம் இலண்டனில் சில ஆண்டுகள் வாழ்ந்து, பின்னர்ப் பாரிசுக்கு அருகிலுள்ள சுரேன் என்னும் ஊரில் குடியேறியது. எவ்வுயிர்க்கும் இன்னா செய்யாமை, எந்நிலையிலும் பொய் கூறாமை என்னும் இரண்டையும் தந்தையார் தம் மக்களுக்கு இளமையிலேயே ஊட்டினார்.

1927 இல் தந்தையார் இந்தியாவில் காலமானார். அன்னையார் துயரத்தால் செயலற்றுப் போனார். பதின்மூன்று வயதுச் சிறுமியாகிய நூர், தம்பியர் இருவரையும் தங்கையையும் பேணும் பொறுப்பை ஏற்றார். எனினும் அவர் கல்வியைக் கைவிட்டாரில்லை. சார்போன் பல்கலைக்கழகத்தில் குழந்தை உளவியல் பயின்றார், இசையும் கற்றார், சிறுவர்க்குக் கதைகள் எழுதினார். புத்தர் பெருமானின் முற்பிறப்புக் கதைகளுள் இருபதை அவர் திரட்டி எழுதிய நூல் 1939 இல் இலண்டனில் வெளிவந்தது. குரங்கரசன் ஒருவன் தன் குடிகள் ஆற்றைக் கடந்து உய்வதற்காகத் தன் உடலையே பாலமாக்கி உயிர் நீத்த கதை அந்நூலில் உண்டு. அதனை எழுதிய நங்கை தாமும் ஒரு நாள் அத்தகைய பாலமாவார் என்று அன்று எவர் எண்ணியிருப்பர்!

இரண்டாம் உலகப்போர் மூண்டது. 1940 சூனில் ஹிட்லரின் படை பாரிசுக்குள் புகுந்தது. நூரின் குடும்பம் இங்கிலாந்துக்குத் தப்பிச் சென்றது. அகிம்சை நெறியில் வளர்ந்தவர் போரில் ஈடுபடலாமா என்ற வினா நூரின் உள்ளத்தை வருத்தியது. தம்பி விலாயத்துடன் நெடுநேரம் ஆராய்ந்தார். யூதர்களும் பிறரும் கூட்டங் கூட்டமாக ஒடுக்கப்படுங்கால் வாளாவிருப்பதும் பாவமே என்று இருவரும் தெளிந்தனர். கொல்லும் தொழிலை விடுத்து, தம் உயிருக்கு இடர் மிகுந்த பணியை ஏற்பது என்று துணிந்தனர். நூர் விமானப்படையின் மகளிர் துணைப்பிரிவிற் சேர்ந்து கம்பியில்லாத் தந்தி கற்றார். அதிகாரிகள் நடத்திய நேர்காணலில், போர் முடிந்தபின் தாம் இந்திய விடுதலையை ஆதரிக்கக்கூடும் என்பதை அவர் மறைக்கவில்லை. பதவி வேண்டி நின்ற இடத்திலும் அவர் உண்மையையே உரைத்தார்.

பகைவர் கைப்பட்ட பிரான்சில் மறைவாகப் பணிபுரிய அவர் தேர்ந்தெடுக்கப்பெற்றார். பயிற்றுவித்தோருள் சிலர் ஐயுற்றனர். பொய்ப்பெயர் பூண்டு வாழ வேண்டிய வேலைக்குப் பொய்யே அறியாத பெண் எவ்வாறு பொருந்துவாள் என்பது அவர்கள் ஐயம். எனினும் பிரெஞ்சு மொழியில் வல்ல தந்தியாளர் மிக அரியராக இருந்தனர். ஆகவே 1943 சூன் 16 ஆம் நாள் இரவு, நிலவொளியில், சிறு விமானம் ஒன்று அவரைப் பிரான்சில் இறக்கிவிட்டது. அந்நாட்டுக்கு இவ்வாறு அனுப்பப்பெற்ற முதற்பெண் தந்தியாளர் அவரே.

சென்ற சில நாள்களுக்குள் அவருடைய குழுவினருட் பலர் பிடிபட்டனர். திரும்பி வந்துவிடுமாறு இலண்டன் அழைத்தது. தாமும் சென்றுவிட்டால் பாரிசுக்கும் இலண்டனுக்கும் தொடர்பு அற்றுவிடும் என்று கருதி நூர் மறுத்தார். கனத்த கருவியைப் பெட்டியிலிட்டுச் சுமந்து, வீட்டுக்கு வீடு மாறி, மூன்று திங்களுக்கு மேல் செய்தி அனுப்பினார். தந்தி ஒலியின் இருப்பிடத்தை மோப்பமிடும் வண்டிகள் தெருக்களில் திரிந்துகொண்டேயிருந்தன.

அக்டோபரில் ஒருவரது காட்டிக்கொடுத்தலால் அவர் பிடிபட்டார். அனுப்பிய செய்திகளை அவர் குறிப்பேட்டில் எழுதி வைத்திருந்தார். அது பகைவர் கைக்குச் சென்றது. அவர்கள் அவரைப்போலவே செய்தி அனுப்பி இலண்டனை ஏமாற்றினர். அதனால் வேறு சிலரும் அகப்பட்டனர். வீரர் வரலாற்றில் இத்தகைய பிழையும் உண்டு. அதனை மறைத்தல் வாய்மையைப் போற்றிய அவருக்குச் சிறப்பாகாது. ஆனால் அவர் வாயிலிருந்து ஒரு செய்தியும் வெளிவரவில்லை என்பதை, அவரை விசாரித்த தலைவனே போருக்குப்பின் ஒப்புக்கொண்டான்.

இருமுறை அவர் தப்ப முயன்றார், இருமுறையும் பிடிபட்டார். இனித் தப்ப முயல்வதில்லை என்று உறுதிமொழி எழுதித் தருமாறு பகைவர் கேட்டனர். பொய்யாக ஓர் உறுதி தந்து துன்பத்தினின்றும் நீங்கியிருக்கலாம். அவரோ மறுத்துவிட்டார். அதன் பயனாகப் போர்ட்ஸ்ஹைம் சிறையில், கைகால்களில் விலங்கு பூட்டப்பெற்று, ஒன்பது திங்களுக்கு மேல் தனிமையில் கிடந்தார். 1944 செப்டம்பர் 13 ஆம் நாள் விடியற்காலையில், டாக்காவ் முகாமில், வேறு மூன்று மங்கையருடன் சுட்டுக் கொல்லப்பட்டார். அப்போது அவருக்கு வயது முப்பது.

டாக்காவ் 1933 இல் மியூனிக் நகருக்கு அருகே அமைக்கப்பெற்றது. போலந்தில் யூதரைக் கொன்றொழிப்பதற்கென்றே நிறுவப்பெற்ற திரெப்லிங்கா போன்ற முகாம்களினும் இது வேறுபட்டது. எனினும் இங்கும் 41,000 பேருக்கு மேல் மாண்டனர். உடல்கள் எரிக்கப்பட்டமையால் மாண்டவர் பலருக்குக் கல்லறையும் இல்லை.

நூரின் முடிவும் நெடுநாள் தெரியாதிருந்தது. அவரை அனுப்பிவைத்த அலுவலகத்தைச் சேர்ந்த வேரா அட்கின்ஸ் என்னும் பெண்மணி, போருக்குப்பின் ஜெர்மனி சென்று, காணாமற்போனவர் ஒவ்வொருவரையும் தேடினார். நாட்ஸ்வைலர் என்னும் வேறொரு முகாமில் நூர் இறந்ததாக முதலில் முடிவு செய்தார். ஆனால் போர்ட்ஸ்ஹைம் சிறையில் நூர் தம் உணவுத் தட்டின் அடிப்புறத்தில் தம் புனைபெயரைக் கீறி, உடனிருந்த கைதியருக்குத் தெரிவித்திருந்தார். அவர்களும் சிறைக் காவலரும் கூறிய சான்றுகளால் முன்னைய முடிவு தவறெனத் தெரிந்தது. அட்கின்ஸ் அதனைத் திருத்தி, டாக்காவே அவர் உயிர் நீத்த இடம் என நிலைநாட்டினார்.

1949 இல் பிரிட்டன் நூருக்கு ஜார்ஜ் சிலுவை என்னும் உயர்விருதை வழங்கியது, பிரான்சும் விருதளித்தது. 2012 இல் இலண்டனில் அவருடைய மார்பளவுச் சிலை திறக்கப்பட்டது. டாக்காவ் முகாம் 1965 முதல் நினைவிடமாக விளங்குகின்றது. அங்குள்ள பிணம் எரித்த கட்டடத்தில் நூரின் பெயரும் உடன் மாண்ட மூவர் பெயரும் பொறித்த பலகை இருக்கின்றது. பெயரை அழித்து எண்ணாக்கி மனிதரை ஒழிக்க முயன்ற இடத்திலேயே இன்று பெயர்கள் படிக்கப்படுகின்றன.

பிறர்க்குத் தீமை இல்லாத சொல்லே வாய்மை என்று வள்ளுவர் வரையறுத்தார். பகைவர்க்கு மறைத்தார் நூர். நண்பரைக் காட்டிக் கொடுத்தாரில்லை. கொடாத உறுதியைப் பொய்யாகக் கொடுத்தாருமில்லை. அவ்வாய்மைக்காக அவர் விலங்கையும் சாவையும் ஏற்றார்.