ஓல்டு மாங்க் ரம்மை உருவாக்கியது யார்? மறந்துபோன வி.ஆர். மோகனின் கதை

ஓல்டு மாங்க் என்றதும் பலருக்கும் நினைவுக்கு வரும் பெயர் கபில் மோகன். 2018 ஜனவரியில் அவர் மறைந்தபோது, இந்த ரம்மின் தந்தை அவர்தான் என்றே பல செய்திகள் சொல்லின. ஆனால் 1954-ல் ஓல்டு மாங்க் அறிமுகமாகக் காரணமாக இருந்தவர் அவருடைய அண்ணன் வேத் ரத்தன் மோகன். சுருக்கமாக, வி.ஆர். மோகன்.

டயர் குடும்பத்திடமிருந்து மோகன் குடும்பத்துக்கு

இமாச்சலின் கசௌலியில் 19-ஆம் நூற்றாண்டில் மது ஆலை தொடங்கியவர் எட்வர்ட் டயர். ஜாலியன்வாலா பாக் படுகொலைக்கு உத்தரவிட்ட ஜெனரல் டயரின் அப்பா இவர்தான். பின்னாளில் டயர் மீக்கின் என்று ஆன அந்த நிறுவனத்தை, சுதந்திரத்துக்குப் பிறகு 1949-ல் நரேந்திர நாத் மோகன் வாங்கினார். அவருடைய மகன்தான் வி.ஆர். மோகன்.

துறவி எப்படி வந்தார்?

ஐரோப்பாவில் மடங்களில் வாழ்ந்த பெனடிக்டைன் துறவிகள் மது தயாரிப்பிலும் பேர்போனவர்கள். அவர்களைப் பார்த்து ஈர்க்கப்பட்டுத்தான் வி.ஆர். மோகன் இந்தப் பெயரை வைத்தார் என்று சொல்லப்படுகிறது.

அவருக்கு அரசியல் வாழ்க்கையும் இருந்தது. லக்னோ மேயர், மாநிலங்களவை உறுப்பினர் எனப் பொறுப்புகள் வகித்தார். 1971-ல் பத்மபூஷண் பெற்றார். அப்பா 1969-ல் இறந்தபின் நிறுவனத்தை ஏற்ற அவர், 1973-ல் காலமானார். தலைமைப் பொறுப்பில் இருந்தது சுமார் 4 ஆண்டுகள்தான்.

விலை குறைவு, காத்திருப்பு அதிகம்

சர்க்கரை ஆலையில் மிஞ்சும் மொலாசஸ் பாகுதான் இந்த ரம்முக்கு மூலப்பொருள். அதனால் செலவு குறைவு. ஆனால் 7 ஆண்டு ஓக் பீப்பாயில் கிடக்க வேண்டும். நம்ம ஊர் வெயிலில் அதில் ஒரு பகுதி ஆவியாகியே போய்விடும். இவ்வளவு காத்திருந்து தயாரித்ததை சாமானியர் வாங்கும் விலைக்குக் கொடுத்ததுதான் இதன் சிறப்பு.

குடிப்பவர்கள் வீட்டிலேயே இதைச் சோதித்துப் பார்க்கலாம். கோலாவை ஊத்திவிட்டால் சர்க்கரைதான் முன்னால் நிற்கும். 30 மில்லியை மட்டும் டம்ளரில் ஊற்றி, சில நிமிடம் அப்படியே விட்டு, மெதுவாக முகர்ந்து பாருங்கள். வெனிலா வாசம் ஓக் மரம் தந்தது. ஒரு ஸ்பூன் தண்ணீர் சேர்த்தால் 42.8% ஆல்கஹாலின் காரம் தணிந்து, கருகிய சர்க்கரையின் ருசி தெரியும். நிறம் கறுப்பாக இருப்பதை வைத்து மட்டும் ரம்மின் வயதைச் சொல்லிவிட முடியாது.

பெயர் ஏன் மறைந்தது?

அண்ணனுக்குப் பின் வந்த தம்பி கபில் மோகன் பல பத்தாண்டுகள் நிறுவனத்தை நடத்தினார். பெரிதாக விளம்பரமே செய்யாமல் ஓல்டு மாங்க்கை நாடெங்கும் கொண்டு சேர்த்தார். அந்தப் புகழ் அவருக்கு நியாயமாகச் சேர வேண்டியதே. ஆனால் வளர்த்தவர் ஒருவர், தொடங்கியவர் இன்னொருவர். அந்தக் கணக்கில் வி.ஆர். மோகனின் பெயரும் இருக்க வேண்டும், இல்லையா?

(மது அருந்துவது உடல்நலத்துக்குக் கேடு.)