நீரிலே ஒளி கண்ட பெரியார்: பொறியியலாளர் விமலசுரேந்திர

ஈழநாட்டில் நிலக்கரிச் சுரங்கம் இல்லை. மண்ணிலிருந்து எண்ணெய் எடுத்து வழங்கும் பேறும் இன்றுவரை நமக்கு வாய்க்கவில்லை. விளக்கெரிக்கவும் பொறியை ஓட்டவும் வேண்டிய வலுவைக் கப்பலேறி வரும் பொருளிலேயே நம்பியிருக்கும் நாடு, கப்பல் தாமதித்த அன்று இருளில் மூழ்கும். இவ்வுண்மையை நூறாண்டுக்கு முன்னரே உணர்ந்து, மாற்றுவழியையும் கணக்கிட்டுக் காட்டியவர் ஒருவர் இந்நாட்டில் இருந்தார். அவரே இலங்கை நீர்மின் திட்டத்தின் தந்தையெனப் போற்றப்பெறும் டி. ஜே. விமலசுரேந்திர ஆவர். இப்பெரியாரின் வரலாற்றை நம் கல்லூரி மாணவர் அறிந்துகொள்ளுதல் நலமென எண்ணி ஈண்டுச் சுருக்கமாகத் தருகின்றோம்.

தேவபுர ஜயசேன விமலசுரேந்திர 1874-ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் 17-ஆம் நாள் காலியிற் பிறந்தார். தந்தையார் கைவினைத் தொழிலிற் பெயர்பெற்றவர். பொருளைக் கையிலெடுத்து நுணுகி நோக்கும் பழக்கம் மைந்தருக்கு அக்குடிப்பிறப்பால் வந்தது எனலாம். கொழும்பு ஆனந்தக் கல்லூரியிற் பயின்று, பின்னர்ப் பொறியியற் கல்வியையும் பெற்று, அரசாங்கப் பொதுவேலைப் பகுதியில் அன்னார் சேவைக்கு அமர்ந்தார். உயர்பதவிகள் யாவும் ஆங்கிலேயர் கையில் இருந்த காலம் அது. சுதேசியொருவர் படிப்படியாக ஏறித் தம் திறமையை நாட்டுதல் எளிதன்று.

மலைநாட்டிலே கெகல்கமு ஓயா, மஸ்கெலியா ஓயா என்னும் ஆறுகள் இரண்டு உண்டு. அவை ஒன்றுகூடியே களனி கங்கையாகி மேல்கடலை அடைகின்றன. அப்பகுதியில் பொன் கிடைக்குமா என ஆராயும் பணி விமலசுரேந்திரவுக்கு ஒருகால் வாய்த்தது. பொன் தேடிச் சென்றவரின் உள்ளத்தைக் கவர்ந்தது ஆற்றின் வீழ்ச்சி. ஆயிரம் அடிக்கும் மேற்பட்ட உயரத்தினின்று இடையறாது இறங்கிவரும் நீரின் விசை வீணே கடலிற் கலப்பதைக் கண்டார். அணை கட்டி நீரைத் தேக்கி, சுரங்க வழியாலும் உருக்குக் குழாய்களாலும் கீழிறக்கிச் சுழலியின் மேல் பாயவிட்டால், சுழலி மின்பிறப்பாக்கியை இயக்கும். எரிப்பதற்கு விறகும் வேண்டா, கரியும் வேண்டா. சுழலியைச் சுழற்றிய நீரோ குறைவின்றி மீண்டும் ஆற்றையே சேரும்.

இதனை அவர் வெறுங் கனவாக விட்டாரல்லர். நானுஓயாவுக்கும் நுவரெலியாவுக்கும் இடையில் பிளாக்பூல் என்னுமிடத்தில் 1912-ஆம் ஆண்டளவில் எழுந்த சிறு நீர்மின் நிலையம் அவர்தம் முயற்சியின் பயனாகும். அதனால் நுவரெலியா நகர் ஒளிபெற்றது. சிறிய அளவிற் செய்து காட்டியதைப் பெரிய அளவிலும் செய்யலாம் எனத் துணிந்த அவர், 1918-ஆம் ஆண்டில் இலங்கைப் பொறியியற் சங்கத்தின்முன் ஓர் ஆய்வுரையைச் சமர்ப்பித்தார். இலங்கையில் வலுவைப் பயன்படுத்துவதன் பொருளாதாரமே அதன் பொருள். நீரின் அளவு, வீழ்ச்சியின் உயரம், செலவு, வரவு ஆகியவற்றை ஆராய்ந்து, மலைநாட்டு ஆறுகளின் மின்னாற்றல் ஊர்களுக்கும் தொழிற்சாலைகளுக்கும் உதவும் என்பதை அதிலே நிறுவினார்.

ஆயினும் மேலிடத்தார் அதனை உடனே ஏற்றுக்கொண்டிலர். ஆறு ஆண்டுகள் சென்றபின், 1924-இலேதான் லக்சபானாத் திட்டவேலை தொடங்கிற்று. தொடங்கிய வேலையும் 1927-இல் பணமுடையால் நிறுத்தப்பட்டது. வேறொருவராயின் ஓய்வூதியத்தைப் பெற்றுக்கொண்டு வாளாவிருந்திருப்பர். விமலசுரேந்திரவோ சேவையினின்று நீங்கியபின், 1931-ஆம் ஆண்டுத் தேர்தலில் இரத்தினபுரித் தொகுதியில் நின்று வென்று அரசாங்க சபையிற் புகுந்தார். பொறியியலாளராக இருந்து எழுதியதையே மக்கட் பிரதிநிதியாக நின்று பேசினார். பின்னர் வேலை மீண்டும் தொடங்கியும் உலகப்போர் இடையிட்டது. ஈற்றில் 1950-ஆம் ஆண்டிலே, நோட்டன் பிரிட்ஜ் அணையில் தேங்கிய நீர் லக்சபானாவில் இறங்கி 25 மெகாவாட் மின்வலுவை ஈன்றது. ஆய்வுரை எழுதிய ஆண்டிலிருந்து முப்பத்திரண்டு ஆண்டுகள் கழிந்திருந்தன. அப்பொழுது அவருக்கு வயது எழுபத்தாறு. மூன்றாண்டுகளின் பின், 1953-ஆம் ஆண்டு ஆகத்து மாதம் அவர் இவ்வுலக வாழ்வை நீத்தார். காசல்றீ நீர்த்தேக்கத்தின் நீரால் இயங்குவதாய் 1965-இல் எழுந்த 50 மெகாவாட் மின்நிலையம் அவர் பெயரையே தாங்கி நிற்கின்றது. அந்நிலையத்தைச் சுழற்றிய நீரே பின்னர் லக்சபானாவிலும், அதன் பின்னர்ப் பொல்பிட்டியாவிலும் மறுபடி உழைக்கின்றது.

மலைநாட்டு ஆற்றின் கதை, ஆறொன்றும் இல்லாத குடாநாட்டாராகிய நமக்கு எதற்கெனச் சிலர் வினவக்கூடும். வலுவுக்காகப் பிறர் கையை நோக்கியிருப்பதன் துன்பத்தை நம்மிற் கூடுதலாக அனுபவித்தவர் இந்நாட்டில் யாவர்? போர்க்காலத்தில், 1990-ஆம் ஆண்டின் பின், தேசிய மின்வலையினின்று துண்டிக்கப்பட்டு நாம் பல்லாண்டு வாழ்ந்தோம். பொருளாதாரத் தடையால் மண்ணெண்ணெய் மருந்துபோல் அரிதாயிற்று. சிறு போத்தலில் திரியிட்ட விளக்கின் முன் அமர்ந்து படித்துப் பரீட்சையிற் சித்தியெய்திய பழைய மாணவர் பலர் இம்மலரைப் படிப்போருள் உளர். தோட்டக் கிணற்றில் நீரிறைக்க எண்ணெயின்றிப் பயிர் வாடியதை நம் கமக்காரர் மறவார். 2013-ஆம் ஆண்டில் தேசிய மின்வலை சுன்னாகத்தை மீண்டும் எட்டிய பின்னரே அவ்விருள் முற்றாக நீங்கியது.

எண்ணெயின் தீங்கு அதன் தட்டுப்பாட்டோடு ஒழியவில்லை. சுன்னாகத்தில் எண்ணெயால் இயங்கிய மின்நிலையத்தின் கழிவு நிலத்தடி நீரை மாசுபடுத்தியதென 2019-ஆம் ஆண்டில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கிணறே உயிராகிய மண்ணில் இதனினும் பெரிய இழப்பு வேறென்ன? மேலும், 2022-இல் அந்நியச் செலாவணி அற்றுப்போகவே, எண்ணெய் வாங்க வழியின்றி நாடு முழுவதும் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம்வரை மின்சாரம் தடைப்பட்டது. விமலசுரேந்திர அஞ்சியது அக்காலத்தோடு முடிந்துவிட்டதன்று என்பதை அவ்வாண்டு நமக்கு உணர்த்திற்று.

நீரொன்றே போதும் என்பதும் பிழையாம். 1996-இல் மழை பொய்த்தபோது நீர்த்தேக்கங்கள் வற்ற, நாடெங்கும் மின்வெட்டு நிலவியது. ஆகவே, ஒன்றையே நம்பாது, அவ்வவ்விடத்தில் இயற்கை அளித்திருப்பதை ஆராய்ந்து பயன்கொள்ளுதலே அறிவுடைமை. நமக்கோ வானும் வெயிலும் உண்டு. சோளகமும் வாடையும் முறைமாறி வீசும் கரை உண்டு. பளைப் பகுதியில் புலோப்பளையிலும் வல்லிமுனையிலும் 2014-இல் எழுந்த காற்றாலைகளும், பின்னர் மன்னாரில் நிறுவப்பெற்ற பெருங் காற்றாலைத் தொகுதியும் அதற்குச் சான்றாம். எனினும் காற்று அடங்கும்; கதிரவனும் மறைவான். எக்காலத்தில் எவ்வளவு கிடைக்கும், குறையும் வேளையில் எதனால் ஈடுசெய்வது, எங்கே நிறுவினால் மீனவர்க்கும் கமக்காரர்க்கும் இடையூறு நேராது என்பனவற்றைக் கணக்கிட்டுச் சொல்வார் வேண்டும்.

அங்ஙனம் சொல்லும் ஆற்றல் ஆய்வுகூடத்திலும் கணித வகுப்பிலும் தொடங்குகின்றது. விமலசுரேந்திரவின் வாழ்விலிருந்து நம் மாணவர் கைக்கொள்ளத்தக்கன பல உள. சென்ற பணி வேறாயினும் கண்ணெதிரே கண்டதை அவர் அலட்சியம் செய்யவில்லை. கண்டதை அளந்தார், அளந்ததை எழுதினார், எழுதியதைப் பிறர் ஒதுக்கியபோது சினந்து ஒதுங்காமல், வேறு வாயிலைத் தட்டினார். முப்பத்திரண்டு ஆண்டுத் தாமதத்தால் நாடு எத்துணைப் பொருளை இழந்தது என்பதை ஆட்சியிலிருப்போரும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். சோளகக் காற்றையும் பங்குனி வெயிலையும் அவர் ஆற்றை நோக்கிய கண்ணால் நோக்கும் மாணவர் நம் கல்லூரியினின்றும் தோன்றுவாராக. அவர்தம் சொல்லுக்கு நாடு முப்பத்திரண்டு ஆண்டு காத்திராது செவிசாய்ப்பதாக.