நாடிச் சுவரில் நோயை அளந்த அறிஞர்: அடோல்ஃப் விண்டவுஸ்

மாரடைப்பும் பாரிசவாதமும் இன்று வீட்டுக்கு வீடு அறியப்பட்ட நோய்கள். குருதிப் பரிசோதனை அறிக்கை கைக்குக் கிடைத்ததும் கொலஸ்திரோலின் அளவையே பலரது கண்கள் முதலில் தேடுகின்றன. ஆயினும், அப்பொருளுக்கும் நாடி நோய்க்கும் உள்ள உறவை முதன்முதலில் அளந்து காட்டியவரின் பெயரை அறிந்தோர் மிகச் சிலரே. அவர்தான் ஜேர்மனிய இரசாயனவியலாளர் அடோல்ஃப் விண்டவுஸ்.

1876 டிசம்பர் 25ஆம் திகதி பேர்லினில் பிறந்த விண்டவுஸ், முதலில் மருத்துவம் பயிலவே பல்கலைக்கழகம் புகுந்தார். அங்கு புகழ்பெற்ற இரசாயனவியல் அறிஞர் எமில் ஃபிஷரின் விரிவுரைகள் அவரது மனதைத் திருப்பின. மருத்துவத்தைக் கைவிட்டு இரசாயனவியலைத் தழுவிக் கொண்ட அவர், ஃபிரைபேர்க் நகரில் கிலியானி என்ற பேராசிரியரிடம் பயின்றார். இதய நோய்க்கு மருந்தாகும் டிஜிற்றாலிஸ் தாவரம் பற்றிய ஆய்வே அவருக்குக் கலாநிதிப் பட்டத்தைப் பெற்றுக் கொடுத்தது. பின்னர் கிலியானியின் ஆலோசனைப்படி கொலஸ்திரோலை ஆராயத் தொடங்கினார்.

பித்தக் கற்களில் முதலில் இனங்காணப்பட்ட இந்த வெண்ணிறப் பொருள் உடலெங்கும் பரந்திருக்கிறது என்பது அன்று தெரிந்திருந்தது. ஆனால் அதன் அமைப்பும் பணியும் புதிராகவே இருந்தன. அது உடலில் இரு நிலைகளில் காணப்படுகின்றது. ஒன்று தனிநிலைக் கொலஸ்திரோல். கலங்களின் மென்சவ்வுகளுக்கு உறுதி தருவது இதுவே. மற்றையது கொழுப்பமிலத்துடன் இணைந்த கொலஸ்திரோல் எசுத்தர். உடல் சேமித்து வைப்பதும், குருதியில் பெரும்பகுதியாக எடுத்துச் செல்லப்படுவதும் இந்த வடிவமே. இரண்டையும் பிரித்தறியாமல் நோயின் தன்மையை அறிய முடியாது.

அதற்கான வழியை விண்டவுஸே கண்டறிந்தார். டிஜிற்றாலிஸ் தாவரத்திலிருந்து பெறப்படும் டிஜிடோனின் என்ற பொருள் தனிநிலைக் கொலஸ்திரோலுடன் சேர்ந்து வீழ்படிவாகும். எசுத்தருடன் அது சேராது. இளமையில் ஆராய்ந்த தாவரமே இவ்வாறு அவருக்கு அளவுகோலைத் தந்தது.

1910ஆம் ஆண்டு அம்முறையைக் கொண்டு, ஆரோக்கியமான பெருநாடிகளையும் தடிப்பு நோயுற்ற பெருநாடிகளையும் அவர் ஒப்பிட்டார். நோயுற்ற பெருநாடிகளில் தனிநிலைக் கொலஸ்திரோல் சுமார் 6 மடங்கும், எசுத்தர் 20 மடங்குக்கும் அதிகமாகவும் காணப்பட்டன. நாடித் தடிப்பு வெறும் முதுமையின் தேய்மானமே என்று கருதப்பட்ட காலத்தில் இது மிகப் பெறுமதியான தடயமாகும். மூன்று ஆண்டுகளின் பின்னர், 1913இல், ரஷ்யாவின் அனிச்கோவ் முயல்களுக்குக் கொலஸ்திரோலை ஊட்டி அவற்றின் நாடிகளில் அதேபோன்ற படிவுகளை ஏற்படுத்திக் காட்டினார். எனினும், மருத்துவ உலகம் இவ்வுண்மைகளை முழுமையாக ஏற்றுக்கொள்ளப் பல தசாப்தங்கள் சென்றன.

1915 முதல் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய விண்டவுஸ், கொலஸ்திரோலின் உறவுப் பொருட்களை ஆராய்ந்தார். குழந்தைகளின் எலும்புகளை வளைக்கும் றிக்கற்ஸ் நோயை ஆராய்ந்த நியூயோர்க் மருத்துவர் அல்ஃபிரட் ஹெஸ், 1925இல் அவரது உதவியை நாடினார். எர்கோஸ்திரோல் என்ற பொருள் மீது புற ஊதாக் கதிர்கள் படும்போது விற்றமின் டி உண்டாகின்றது என்பது அக்கூட்டு முயற்சிகளின் விளைவாகத் தெளிவாயிற்று. 1928ஆம் ஆண்டுக்கான இரசாயனவியல் நோபல் பரிசு அவருக்கு வழங்கப்பட்டது. அவர் அன்று முன்வைத்த கொலஸ்திரோலின் கட்டமைப்பு பிழையானது என்பது 1932இல் வெளிப்பட்டுத் திருத்தப்பட்டது. ஆயினும், அத்துறைக்கு அவர் இட்ட அடித்தளம் அதனால் ஆட்டங்காணவில்லை.

அறிவுக்கு நிகரான உறுதி அவரது மனச்சாட்சிக்கும் இருந்தது. முதலாம் உலகப் போரில் ஜேர்மனிய இரசாயனவியலாளர் பலர் நச்சுவாயு ஆய்வில் ஈடுபட்டபோது அவர் அதற்கு மறுத்தார். நாசிகள் ஆட்சிக்கு வந்தபோதும் தமது எதிர்ப்பை மறைக்கவில்லை. தமது நிறுவனத்தில் பயின்ற யூத மாணவர் ஒருவர் வெளியேற்றப்படாதவாறு அவரே முன்னின்று காத்தார். இனத்தின் பெயரால் அறிஞர்கள் விரட்டப்பட்ட அந்நாட்களில், பெரும் பெயர் பெற்றோர் பலர் வாய்மூடி இருந்ததை எண்ணும்போதே இச்செயலின் பெறுமதி விளங்கும். 1944இல் ஓய்வுபெற்ற அவர், 1959 ஜூன் 9ஆம் திகதி கோட்டிங்கனில் காலமானார்.

அவர் தொடக்கிய தேடல் அவருடன் முடியவில்லை. குருதியில் எசுத்தரைச் சுமந்து செல்லும் துணிக்கைகளைக் கலங்கள் எவ்வாறு உள்வாங்குகின்றன என்பதைக் கண்டறிந்த பிரவுண், கோல்ட்ஸ்டெயின் இருவரும் 1985இல் நோபல் பரிசு பெற்றனர். நாடிச் சுவரில் தேங்கும் அத்துணிக்கைகளை விழுங்கும் கலங்கள் எசுத்தர்த் துளிகளால் நிரம்பி நுரைபோலப் பருத்து, தடிப்புக்கு வித்திடுகின்றன என்பதும் இன்று தெளிவாகியுள்ளது. கொலஸ்திரோல் உற்பத்தியைக் கட்டுப்படுத்தும் ஸ்டாட்டின் மருந்துகள் கோடிக்கணக்கானோரின் இதயங்களைக் காத்து வருகின்றன.

உயிரைப் பறிக்கும் நஞ்சைத் தயாரிக்க மறுத்த ஓர் இரசாயனவியலாளர், உயிரைக் காக்கும் அறிவுக்கு அளவுகோல் தந்து சென்றார். கையில் உள்ள அறிவு எதற்குப் பயன்பட வேண்டும் என்ற கேள்விக்கு அவரது வாழ்வே விடையாக நிற்கின்றது.