நுரை மிதப்பு முறை: முன்னோடி கேரி எவர்சனுக்குப் பணம் கிடைக்காதது ஏன்?

பன்னிரண்டாம் வகுப்பு வேதியியலில் 'நுரை மிதப்பு முறை' படிச்சது ஞாபகம் இருக்கா? தாமிரம், ஈயம், துத்தநாகத் தாதுக்களை வேண்டாத கல்லிலிருந்து பிரிக்க இன்றும் உலகம் முழுக்க இந்த முறைதான் கைகொடுக்கிறது. இதற்கு முன்னோடியான காப்புரிமை ஒன்றை வாங்கியவர் ஓர் அமெரிக்கப் பெண்.

யார் இந்த கேரி எவர்சன்?

1842-ல் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பிறந்தவர். சிகாகோ டாக்டர் வில்லியம் எவர்சனை மணந்தார். கணவர் சுரங்கத் தொழிலில் போட்ட பணம் நஷ்டமாச்சு. கேரியோ வேதியியலைத் தானே படித்து, தாதுக்களை வைத்துச் சோதனை செய்தார். 1886 ஆகஸ்ட் 24-ல் காப்புரிமை கிடைத்தது.

அப்படி என்ன கண்டுபிடிச்சார்?

எண்ணெய் தேய்ச்ச கையில் தண்ணி ஒட்டாதுல்ல? அதே சங்கதிதான். தாதுத் தூளில் எண்ணெயும் அமிலமும் கலந்தால், உலோகம் உள்ள துகள் எண்ணெயைப் பிடித்துக்கொள்ளும். வெறும் கல் தண்ணீரோடு போய்விடும்.

இன்று அந்த எண்ணெயின் வேலையை சாந்தேட் என்ற வேதிப்பொருள் துளி அளவிலேயே செய்கிறது. அதன் மூலக்கூறின் ஒரு முனை தாதுவைப் பிடிக்கும். மறுமுனைக்குத் தண்ணீர் ஆகாது. அதனால் துகள் காற்றுக் குமிழில் ஒட்டி மேலே வரும். நுரை உடையாமல் பார்த்துக்கொள்வது பைன் எண்ணெய்.

சாக்கு துவைத்த கதை உண்மையா?

பள்ளி ஆசிரியையான கேரி, எண்ணெய்ப் பிசுக்கு சாக்குகளைத் துவைக்கும்போது தற்செயலாகக் கண்டுபிடித்தார் என்று ஒரு கதை உண்டு. அது கட்டுக்கதை. அவர் ஆசிரியையே இல்லை.

பணம் ஏன் வரல?

காலம் ஒத்துழைக்கவில்லை. 1889-ல் கணவர் இறந்தார். கேரி செவிலியர் வேலைக்குப் போனார். 17 ஆண்டு காப்புரிமை 1903-ல் காலாவதியானது. ஆஸ்திரேலியாவின் புரோக்கன் ஹில் சுரங்கங்களில் மிதப்பு முறை சூடுபிடித்ததே அதையொட்டித்தான்.

1906-ல் மினரல்ஸ் செபரேஷன் நிறுவனம் அமெரிக்காவில் புதிய காப்புரிமை பெற்றது. ஒரு சதவீதத்துக்கும் குறைவான எண்ணெய், வேகமான கலக்கல், நிறைய நுரை. கேரியின் முறைக்கோ எண்ணெய் அதிகம் தேவை. இந்த வித்தியாசத்தை ஏற்று, 1916-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் நிறுவனத்தின் பக்கம் நின்றது.

அந்தத் தீர்ப்பில் கேரியின் காப்புரிமையும் அலசப்பட்டது. கேட்க அவர் இல்லை. 1914-லேயே கலிபோர்னியாவில் காலமாகிவிட்டார்.