பியானோவைப் பாட வைத்தவர்

பியானோவின் கட்டையை அழுத்தினால், உள்ளே சிறு சுத்தியல் கம்பியைத் தட்டும். நாதம் எழும். எழுந்த உடனே தேயத் தொடங்கும். பாடகரின் குரல் போல அதை வளர்க்க முடியாது.

இந்தக் குறையை வென்ற மேதை சோப்பின்.

1810-ல் போலந்தில், வார்சா நகருக்கு அருகே பிறந்தார். ஓபரா எனும் இசை நாடகப் பாடல்கள் இளமையிலேயே அவர் மனதைக் கொள்ளை கொண்டன. 1831-ல் பாரிஸ் சென்றார். பெரிய கூட்டத்தின் முன் வாசிக்க அவருக்குக் கூச்சம். ஆகவே பியானோ கற்றுக் கொடுத்துச் சம்பாதித்தார்.

பாட்டுப் பாடம்

நல்ல பாடகர்களைக் கேட்டு வரும்படி மாணவர்களை அனுப்பினார். பாடவும் பழகச் சொன்னார். பாடகர் மூச்சு வாங்கும் இடத்தில் மணிக்கட்டை மெல்லத் தூக்க வேண்டும் என்றார். இடது கை தாளம் தவறாது. வலது கை மட்டும், பாடகரைப் போலச் சற்றுத் தயங்கும், சற்று விரையும். பியானோ பாடியது!

கடைசி ஆசை

பியானோவுக்கு மூச்சு கொடுத்தவருக்கு மார்பு நோய் முற்றியது. மாடிப்படி ஏறவும் மூச்சுத் திணறியது. மரணப் படுக்கையில் அவர் கேட்டது பாட்டு. தோழி டெல்பினா பொடோக்கா கண்ணீரை அடக்கிப் பாடினார்.

இரண்டு நாளில், 1849 அக்டோபர் 17-ந் தேதி, சோப்பின் கண் மூடினார். அப்போது அவருக்கு வயது 39.