சூரிச்சிற் பிறந்த பௌதிக மேதை வால்ரர் ஷொட்கி



குளிர்காலத்திற் கம்பளத்தின் மேல் நடந்து சென்று கதவின் உலோகக் கைபிடியைத் தொடும்போது, விரலிற் சுருக்கென்று ஒரு பொறி பாய்வதை நீங்கள் உணர்ந்திருப்பீர்கள். அந்தக் கணத்தில் எமது உடலிற் சேர்ந்திருக்கும் மின்னழுத்தம் பல ஆயிரம் வோல்ற் ஆகும். கணினியின் உள்ளே இருக்கும் நுண்சுற்றுக்களோ 5 வோல்ற்றிலும் அதனிலும் குறைந்த அழுத்தத்திலும் இயங்குபவை. அவ்வாறாயின், நாம் தொட்டவுடன் அவை கருகிப் போகாதிருப்பது எங்ஙனம்? சுற்றின் வாயிலிலே சின்னஞ்சிறு காவலர்கள் நிற்கின்றனர். இருவாயி எனப்படும் குறைகடத்திக் கூறுகளே அக்காவலர்கள். அவற்றுள் ஒரு வகை, இந்நாட்டின் சூரிச் மாநகரிற் பிறந்த ஓர் அறிஞரின் பெயரைத் தாங்கியுள்ளது. அவரே வால்ரர் ஷொட்கி.

ஷொட்கி 1886ஆம் ஆண்டு யூலை மாதம் 23ஆம் நாள் பிறந்தார். தந்தையார் பிரீட்ரிக் ஷொட்கி ஜேர்மனியிலிருந்து வந்து சூரிச்சிற் கணிதப் பேராசிரியராகப் பணியாற்றியவர். 1892இல் தந்தையாருக்கு ஜேர்மனியின் மார்பூர்க் நகரிற் பதவி கிடைத்தது. ஆறு வயதுச் சிறுவன், பிறந்த நகரை விட்டுப் பெற்றோருடன் புறப்பட்டான். பத்து ஆண்டுகளின் பின் குடும்பம் மீண்டும் பேர்லினுக்கு இடம்பெயர்ந்தது. ஊர் மாறியது; பள்ளி மாறியது; தோழர்களும் மாறினர். கல்வியில் அவர் கொண்ட நாட்டம் மட்டும் மாறவில்லை.

பேர்லின் பல்கலைக்கழகத்தில் அவர் மக்ஸ் பிளாங் என்னும் பேரறிஞரிடம் பயின்றார். 1905இல் பேர்ண் நகரில் வாழ்ந்த ஐன்ஸ்ரைன் வெளியிட்ட சார்புக் கொள்கை அப்போது புத்தம் புதியது. அதனையே ஆய்வுப் பொருளாகக் கொண்டு 1912இல் ஷொட்கி கலாநிதிப் பட்டம் பெற்றார். பின்னர் அவருடைய கவனம் இலத்திரன்களின் பக்கம் திரும்பியது. முதலாம் உலகப் போர்க் காலத்திற் சீமென்ஸ் நிறுவனத்தின் ஆய்வுகூடத்திற் பணியாற்றியபோது, வானொலிக் குழாய்களை மேம்படுத்தும் திரை வலையை வகுத்தார். 1918இல் மற்றோர் உண்மையை விளக்கினார். மின்னோட்டம் ஆற்று நீர்போல ஒரே சீராக ஓடுவதன்று; தனித்தனி இலத்திரன்களாகவே வந்து சேர்கின்றது. ஆகையால், தகரக் கூரையில் மழைத்துளிகள் விழுவது போன்ற இரைச்சல் ஒன்று அதில் என்றும் இருக்கும். எவ்வளவு நுட்பமான கருவியாலும் அதனை முற்றாக நீக்கவியலாது என்று அவர் காட்டினார்.

வூர்ஸ்பூர்க்கில் விரிவுரையாளராகவும், 1923 முதல் றொஸ்ரொக் பல்கலைக்கழகத்திற் பேராசிரியராகவும் கடமையாற்றிய ஷொட்கி, 1927இல் அப்பதவியைத் துறந்து சீமென்ஸ் ஆய்வுகூடத்திற்கே திரும்பினார். அங்கே அவருக்காக ஒரு பழைய புதிர் காத்திருந்தது.

சில கனிமப் பளிங்குகளை உலோக முனையொன்றினாற் தொட்டால், மின்னோட்டம் ஒரு திசையில் இலகுவாகவும் எதிர்த்திசையில் அரிதாகவும் செல்கின்றது. பேர்டினண்ட் பிரவுண் இதனை 1874இலேயே கண்டறிந்தார். ஆயினும் காரணம் தெளிவாகவில்லை. வானொலிப் பெட்டிகளிலும் மின்கலங்களுக்கு மின்னேற்றும் கருவிகளிலும் இத்தகைய தொடுகைகள் பயன்பட்டன. பயன்படுத்தியோர் அவற்றின் உட்பொருளை அறியாதிருந்தனர்.

அறுபது ஆண்டுகளுக்கு மேலாக நீடித்த இப்புதிரை 1938இல் ஷொட்கி அவிழ்த்தார். உலோகமும் குறைகடத்தியும் சந்திக்கும் எல்லையில், குறைகடத்தியின் விளிம்பிலுள்ள இலத்திரன்கள் உலோகத்தினுட் சென்றுவிடுகின்றன. அவை நீங்கிய வெற்றிடம் ஒரு மதில்போல நின்று ஏனைய இலத்திரன்களைத் தடுக்கின்றது. அழுத்தத்தை ஒரு திசையிற் கொடுத்தால் மதில் தாழ்ந்து வழிவிடும். எதிர்த்திசையிற் கொடுத்தால் மதில் தடித்து வழியை அடைக்கும். தடையாக நிற்பது வேறொரு பொருளினாலான படலமன்று. இரு பொருள்கள் சந்திப்பதனால் உண்டாகும் மின்னமைப்பே என்பது அவர் தந்த விளக்கம். இங்கிலாந்தில் நெவில் மொற் என்பவரும் ஏறத்தாழ அதே காலத்தில் இவ்வழியிற் சிந்தித்தார்.

இக்கொள்கையின் வழிவந்ததே இன்றைய ஷொட்கி இருவாயி. சாதாரண சிலிக்கன் இருவாயி வழிவிடுவதற்கு ஏறத்தாழ 0.7 வோல்ற் வேண்டும். ஷொட்கி இருவாயிக்கு 0.3 வோல்ற் அளவே போதும். திறப்பதிலும் மூடுவதிலும் இது மிக விரைவானது. நுண்சுற்றின் வாயிலில் அழுத்தம் எல்லை மீறினால், உள்ளே இருக்கும் உறுப்புக்கள் தாக்கப்படுமுன் இது திறந்து, மிகை மின்னை வேறு வழியிற் திருப்பிவிடும். மின்கலத்தைத் தலைகீழாக மாட்டினாலும் சுற்றைக் காக்கும். கூரைகளிற் காணும் சூரியத் தகடுகளில் ஒரு பகுதி நிழலில் அகப்படும்போது, அப்பகுதி சூடேறிப் பழுதடையாமற் காப்பதும் பெரும்பாலும் இதுவே. மின்னல் போன்ற பெருந்தாக்குதல்களை எதிர்கொள்ள வேறு வகை இருவாயிகளும் துத்தநாக ஒட்சைட்டாலான தடைகளும் உள்ளன. ஒவ்வொரு காவலுக்கும் ஏற்ற காவலன் உண்டு.

இரண்டாம் உலகப் போரின்போது, 1943இல், ஷொட்கி பேர்லினை விட்டு பிரெற்ஸ்பெல்ட் என்னும் சிற்றூரிற் குடியேறினார். அங்கேயே ஆய்வைத் தொடர்ந்து, 1976ஆம் ஆண்டு மார்ச் மாதம் 4ஆம் நாள், தமது 89ஆம் வயதிற் காலமானார். 1936இல் இலண்டன் றோயல் கழகத்தின் ஹியூஸ் பதக்கம் அவருக்குக் கிடைத்தது. நோபல் பரிசு கிடைக்கவில்லை. எனினும், மின்சுற்று வரைபடங்களில் அவரது இருவாயியைக் குறிக்கும் கோடு இருமுனையும் மடிந்து காணப்படும். உலகெங்கும் பொறியியலாளர் நாள்தோறும் வரையும் அச்சிறு கோடே அவருக்கு அமைந்த நினைவுச் சின்னம்.

மாணவச் செல்வங்களே! பெற்றோர் பிறிதொரு நாட்டிலிருந்து வந்து குடியேற, இம்மண்ணிற் பிறந்த குழந்தைகள் உங்களிற் பலர். வீட்டில் ஒரு மொழி, பள்ளியில் வேறொரு மொழி என இரண்டின் எல்லையிலே நிற்கின்றீர்கள். சில வேளைகளில் அது உங்களுக்குப் பாரமாகவும் தோன்றலாம். இரு பொருள்கள் சந்திக்கும் எல்லையிலேதான், தனித்தனியே எப்பொருளிலும் இல்லாத ஆற்றல் பிறக்கின்றது என்பதை ஷொட்கியின் ஆய்வு காட்டுகின்றது. இரு மொழிகளையும் செம்மையாகக் கற்பவருக்கும் அத்தகைய ஆற்றல் வாய்க்கும். ஒரு பொருள் பயன் தருகின்றது என்பதோடு நின்றுவிடாது, ஏன் அவ்வாறு இயங்குகின்றது என்று கேளுங்கள். அறுபது ஆண்டுகளாக அனைவரும் கண்டு பழகிய ஒன்றிலே புதுமை காண்பதற்கு, அவ்வொரு கேள்வியே அவருக்கு வழிகாட்டியது.