அனந்தபுரி வளர்த்த பாபநாசம் சிவன்

பிழைப்பை நாடி ஊர்விட்டு ஊர் வந்தோர் கூடிய சங்கம் நம்முடையது. உத்தியோகம் கிடைத்து வந்தவர் சிலர்; வாணிபம் கருதிச் சாலைக் கடைவீதிக்கு வந்தவர் சிலர்; யாதொரு நிச்சயமும் இன்றி, உறவினர் ஒருவரின் விலாசத்தை மட்டும் நம்பி வந்து இறங்கியோரும் நம்முள் உண்டு. அவ்விதமே இந்நகரை அடைந்த ஒரு தாயின் வரலாற்றையும், அவளுடைய மகனார் பாபநாசம் சிவன் அவர்களின் வரலாற்றையும் இவ்வாண்டு மலரில் நினைவுகூர விழைகின்றோம். சிவன் என்றதும் நம்மவர் தஞ்சையையும் மயிலாப்பூரையும் நினைப்பரேயன்றித் திருவனந்தபுரத்தை நினைப்பவர் அரியர். இவ்வூர்த் தமிழராகிய நமக்கு அது ஒரு குறையே.

தஞ்சை ஜில்லாவில் போலகம் என்னும் சிற்றூரில் 1890-ஆம் ஆண்டு செப்டம்பர் 26-ஆம் நாள் இராமாமிருத ஐயருக்கும் யோகாம்பாள் அம்மையாருக்கும் மகனாக அவர் பிறந்தார். இராமசர்மன் என்பது இட்ட பெயர். இராமையா என்பது வழங்கிய பெயர். 1897-இல் தந்தையார் காலமானார். குழந்தைக்கு அப்போது ஏழு வயதளவே. அக்காலத்துக் கைம்பெண்ணின் நிலையை விரித்துரைக்க வேண்டுவதில்லை. நம் பாட்டிமார் வாயிலாக நாம் அறிந்ததே. இரண்டாண்டு தாக்குப் பிடித்த அவ்வம்மையார், 1899-இல் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு, கணவர் வழி உறவினர் ஒருவரின் ஆதரவை நாடித் திருவிதாங்கூருக்குப் புறப்பட்டார்.

அது எளிய பிரயாணமன்று. திருவனந்தபுரத்திற்கு இருப்புப்பாதை வந்ததே 1918-இல்தான். அதற்கு முன்னர் கீழ்நாட்டிலிருந்து வருவோர் திருநெல்வேலியில் ரயிலை விட்டிறங்கி, மாட்டு வண்டியில் ஆரல்வாய்மொழிக் கணவாயைக் கடந்து, நாகர்கோவில் வழியாக இந்நகரை அடைவது வழக்கம். அறியாத பாஷை பேசும் ஊர், கைப்பொருளோ இல்லை, உடன் வருவனவோ சிறு பிள்ளைகள். தெய்வம் கைவிடாது என்னும் உறுதி ஒன்றன்றி அவ்வம்மையாருக்கு வேறு துணை என்ன இருந்திருக்கும்?

அவர் வந்து சேர்ந்த நகரமோ, தெய்வமே அரசனென்று சட்டபூர்வமாக ஒப்புக்கொண்ட நகரம். 1750-இல் மார்த்தாண்ட வர்ம மகாராஜா தம் இராச்சியம் முழுவதையும் ஸ்ரீ பத்மநாப சுவாமியின் திருப்படியில் தானமாக வைத்து, தாம் பத்மநாபதாசராக இருந்து ஆண்டார். அவ்வழி வந்த மன்னர் ஆட்சியில் ஊட்டுப்புரைகள் பல நடைபெற்றன. பிராமணர் எத்திசையிலிருந்து வந்தாலும் அங்கே காசின்றி இலை போட்டு அன்னமிட்டனர். ஏழைக்குப் படியளப்பவன் பத்மநாபன் என்று இந்நகர் மக்கள் நம்பியதில் வியப்பில்லை.

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்லுதல் நம் கடமை. அவ்வன்னத்திற்கு வேண்டிய நெல்லை விளைவித்தோரும் வரி செலுத்தியோரும் எல்லாக் குலத்தினரும் ஆவர். உண்ணும் பந்தியோ ஒரு குலத்தாருக்கே உரியதாயிருந்தது. பசித்து வந்த வேறொரு கைம்பெண் தன் மக்களோடு அவ்வாயிலில் நின்றிருந்தால் இலை கிடைத்திராது. கோயிலுள் நின்று பத்மநாபனைத் தொழவும் இயன்றிராது. தெய்வம் படியளந்தது மெய். அதை ஏந்தி வந்த மனிதர் கை ஆள் பார்த்து அளந்ததும் மெய். சிவன் அவர்களின் பிற்கால வாழ்வில் இச்செய்தி நாம் எதிர்பாராத ஓரிடத்தில் தலைகாட்டும்.

அன்னத்தினும் பெரிதாக அச்சிறுவருக்கு இந்நகர் அளித்தது கல்வி. ஸ்ரீ மூலம் திருநாள் மகாராஜா 1889-இல் இங்கே சமஸ்கிருத பாடசாலை ஒன்றை நிறுவியிருந்தார். யோகாம்பாள் அம்மையார் வண்டியேறுதற்குப் பத்தாண்டு முன்னரே அவர் மகனுக்குரிய பள்ளி ஆயத்தமாகிவிட்டது! இராமையா முதலில் மலையாளம் பயின்று, பின்னர் அங்கே சேர்ந்து, வியாகரணத்தில் பட்டம் பெற்றார். தமிழ்ப் பாட்டால் புகழெய்தப் போகும் ஒருவர் மலையாள நாட்டில் வடமொழி இலக்கணம் கற்று ஆளானார் என்பது வேடிக்கையாகத் தோன்றலாம். வீட்டில் ஒரு மொழி, தெருவில் ஒரு மொழி, பள்ளியில் மற்றொரு மொழி என வளரும் நம் குழந்தைகளைப் பற்றிக் கவலுறும் பெற்றோர் இதனைக் கருதிப் பார்ப்பாராக.

இசைக்கும் இங்கேயே வித்திடப்பட்டது. நாகர்கோவில் வடிவீசுவரத்தில் பிறந்து, சிவபக்தியில் தோய்ந்து தமிழ்க் கீர்த்தனங்கள் இயற்றிய நீலகண்ட சிவன் அவர்கள் 1900-இல் மறைந்தார்கள். அவர்தம் பாடல்களும் பஜனை நெறியும் இவ்வூர்த் தமிழரிடையே பரவியிருந்தன. சிறுவர் அவற்றில் ஊறினார். நூரணி மகாதேவ பாகவதர், சாம்பா பாகவதர் என்போரிடம் சங்கீதத்தின் பாலபாடமும் கேட்டார்.

1910-இல் தாயார் காலமானார். அவருக்கு அப்போது இருபது வயது. பட்டம் கையிலிருந்தது; அதைக் கொண்டு ஓர் உபாத்தியாயர் வேலையில் அமர்ந்திருக்கலாம். அவரோ இந்நகரை நீங்கித் தலந்தோறும் பாடித் திரிந்தார். உலகியல் அறிந்தோர் இதனை மெச்சியிருக்கமாட்டார். நம் வீட்டுப் பிள்ளை அவ்வாறு புறப்பட்டால் நாமும் மெச்சமாட்டோம். தஞ்சைப் பகுதியில் பாபநாசத்திலிருந்த தமையனார் இராஜகோபாலனின் இல்லமே அவருக்கு ஒதுங்க இடமாயிற்று. உடலெங்கும் திருநீறு பூசி உருகிப் பாடிய அவரைச் சிவன் என்றே மக்கள் அழைக்கலாயினர். ஊர்ப்பெயர் முன்னே சேர்ந்துகொண்டது. கோனேரிராஜபுரம் வைத்தியநாத ஐயரைப் பின்தொடர்ந்து கேள்வி ஞானம் பெற்றதும் அக்காலத்தில்தான். திருவாரூர்த் தியாகேசர் மீது குந்தலவராளி இராகத்தில் அமைத்ததே அவருடைய முதற் கீர்த்தனம் என்பர். இராமதாசன் என்னும் முத்திரையைத் தம் பாடல்களில் வைத்தார். மன்னனும் தன்னைத் தாசன் என்று சொல்லிக்கொண்ட ஊரில் வளர்ந்தவரல்லவா?

அவருடைய நம்பிக்கை ஓசையற்ற நம்பிக்கையன்று. இறைவனை நம்பினோர் எவரும் கெட்டதில்லை என இந்தோளத்தில் உறுதி கூறிய அவரே, அன்னை இரங்காவிடில் தமக்குப் புகலிடம் ஏதென்று அடாணாவில் முறையிட்டார். தாயின் முந்தானையைப் பற்றி இழுத்து அழும் பிள்ளையின் உரிமை அப்பாடல்களில் ஒலிக்கிறது. இரண்டு வயிறுகளை வளர்க்க ஒரு தாய் பட்ட பாட்டைக் கண்டவருக்கே அவ்வுரிமை வருமென்பது நம் எண்ணம்.

பின்னர் சென்னை அவரை ஏற்றது. மயிலாப்பூர்க் கபாலீசுவரர் கோயிலைச் சூழ்ந்த மாட வீதிகளில் மார்கழி விடியலில் அவர் பஜனை செய்து வந்தார். கலாக்ஷேத்திரத்தில் சில காலம் இசை கற்பித்தார். அசோக்குமார், சிவகவி, ஹரிதாஸ் ஆகிய படங்களில் எம். கே. தியாகராஜ பாகவதர் பாடிய அவருடைய பாட்டுகள் பட்டிதொட்டியெல்லாம் முழங்கின.

அவர் நடித்த படங்களுள் இரண்டு நம் கதைக்கு உரியவை. 1936-இல் கே. சுப்பிரமணியம் இயக்கிய பக்த குசேலாவில் குசேலராக வந்தார். வறுமையில் உழன்றும் வாய்விட்டுக் கேளாமல் அவல் முடிந்து சென்ற அந்தணரின் வேடம். அவருக்கு அரிதாரம் அதிகம் வேண்டியிருந்திராது! அவ்வாண்டு நவம்பர் 12-ஆம் நாள் திருவிதாங்கூர் மன்னர் ஸ்ரீ சித்திரைத் திருநாள், ஆலயக் கதவுகளை இந்துக்கள் அனைவருக்கும் திறந்து பிரகடனம் வெளியிட்டார். 1939-இல் வந்த தியாக பூமியில் சிவன் சம்பு சாஸ்திரியாக நடித்தார். புயலில் வீடிழந்த ஹரிஜனங்களுக்குத் தம் மாட்டுக் கொட்டகையில் இடமளித்து, அதனால் அக்கிரகாரத்தாரால் விலக்கி வைக்கப்பட்டவர் அந்தச் சம்பு சாஸ்திரி. கல்கியின் கதை அது. அப்படத்தை ஆங்கில அரசு பின்னர்த் தடை செய்தது. ஒரு குலத்தாருக்கே அன்னசாலை நடத்திய இராச்சியத்தில் வளர்ந்த பிள்ளை, எல்லோருக்கும் கொட்டகையைத் திறந்துவிட்ட பெரியவராகத் திரையில் நின்றார். இது தற்செயலோ, தெய்வச் செயலோ, அன்பர்களே முடிவு செய்துகொள்க.

சங்கீத கலாநிதி விருது 1971-இலும், பத்ம பூஷண் 1972-இலும் வந்தன. 1973 அக்டோபர் முதல் நாள் அவர் இறைவனடி சேர்ந்தார். 1954-இல் அவர் வெளியிட்ட வடமொழிச் சொற்கடல் என்னும் அகராதியை இசையன்பர் பலர் அறியார். அதற்கு வேண்டிய சொற்களையெல்லாம் அவர் கற்கத் தொடங்கிய சமஸ்கிருதக் கல்லூரி நம் பாளையத்தில் இன்றும் நடைபெறுகிறது. நம் காலனிப் பிள்ளைகள் பலர் நாள்தோறும் அதன் வாயிலைக் கடந்தே பள்ளிக்குச் செல்கின்றனர்.